கரையோடு நின்றுவிடும் வரைபடம்

கூகுள் எர்த்தில் தூத்துக்குடியைத் தேடிப் போகிறவர் கண்ணில் ஊருக்கு முன்னால் விழுவது துறைமுகத்தின் இரண்டு அலைத் தடுப்புச் சுவர்கள். கல்லைக் கொட்டிக் கட்டிய அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம், இரண்டுக்கும் நடுவே 1,275 மீட்டர் இடைவெளி. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இந்தச் சுவர்களால்தான் உண்டானது. படத்தைப் பெரிதாக்கினால் அனல்மின் நிலையம், அதன் சாம்பல் குளம், பிறகு கட்டம் கட்டமாக உப்பளப் பாத்திகள். சில பாத்திகள் வெள்ளை, சில சாம்பல், சில வெளிறிய ரோஜா நிறம். உவர்ப்பு ஏற ஏற அந்த நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. வரப்புகளைக்கூட எண்ணிவிடலாம். அப்படியே கிழக்கே நகர்த்தினால், கரையைத் தாண்டியதுமே படம் வாயடைத்துப்போகிறது. வெறும் நீலம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு இந்தக் கரைக்கு உலகத்தில் பெயர் வாங்கித் தந்த முத்து விளைந்த இடங்கள் அந்த நீலத்துக்கு அடியில்தான் இருக்கின்றன. அங்கே ஒரு பெயர்கூட இல்லை.

இதை ஒரு மென்பொருளின் குறை என்று தள்ளிவிடலாகாது. கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களை நிலத்தை மட்டும் பார்த்து அளப்பது நம் அலுவலகங்களின் நெடுநாள் பழக்கம். இணையத்து உலக உருண்டை அந்தப் பழக்கத்தை எல்லோருடைய கைப்பேசிக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்தக் கருவி மோசமானதும் அல்ல. சாதாரண மனிதனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி முன்பு கிடைத்ததில்லை. அதனாலேயே அதில் வெறுமையாகக் கிடக்கும் பாதியை நாம் நிரப்பியாக வேண்டும் என்கிறேன்.

சாட்சி என்பதற்குக் கொற்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. கிரேக்க மாலுமிகள் கொல்கோய் என்று அழைத்த பாண்டியர் துறைமுகம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். அதற்கும் கடலுக்கும் நடுவே பழையகாயல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பார்கள். தாமிரபரணி கடலில் விழும் முகத்துவாரத்தில் இன்று இருப்பது புன்னைக்காயல். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கடல் பின்வாங்க, துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டு கிழக்கே போன கதை இது. ராபர்ட் கால்டுவெல் கொற்கையில் மண்வெட்டி வைத்துத் தோண்டி, பூமிக்கடியில் கடற்சிப்பிகளைக் கண்டுதான் இதைச் சொன்னார். 1881இல் வெளியான அவருடைய திருநெல்வேலி வரலாற்றில் அது இருக்கிறது. இன்று மூன்று ஊர்களையும் ஒரே திரையில் வைத்துப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கு அரை நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும். ஆனால் கால்டுவெல் தோண்டியிராவிட்டால், அந்தத் திரையில் தெரிவது பச்சையும் பழுப்பும்தான். படம் காட்டும், சொல்ல ஆள் வேண்டும்.

வான் தீவின் கதை இன்னும் அண்மையது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். 1986இல் தேசியக் கடல்வாழ் உயிரினப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை அவை. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் ஏற்கெனவே நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்கத் தீவுகளுக்கு அரண் இல்லாமல் போனது. தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர், 2014இல் ஏறத்தாழ 2 ஹெக்டேர் என்கின்றன ஆய்வுக் கணக்குகள். அதன் பிறகுதான் கான்கிரீட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளைச் சுற்றிலும் இறக்கி அதைக் காப்பாற்றும் வேலை நடந்தது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி 2009இல் வந்தது. அந்தப் பட்டையை இழுத்துப் பார்ப்பவருக்குத் தீவு தேய்வது சோப்புக்கட்டி கரைவதுபோலத் தெரியும். இந்தத் தீவுகளில் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. ஆகவே ஊர்க்காரருக்கே அவற்றைக் காணச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வழி பெரும்பாலும் திரைதான். திரையில் பார்ப்பது ஊர் பார்த்ததாகுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: போக முடிந்த இடத்துக்குப் போங்கள், போகக்கூடாத இடத்தைப் பார்க்கவாவது செய்யுங்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இந்தக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் தட்டையான மணல் தீவில் ஓரடி நீர் ஏறினாலே விளிம்பு மாறிவிடும். எந்த மாதம், எந்த வேளை எடுத்த படம் என்று பார்க்காமல் இரண்டு படங்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு.

சாலையளவில் இறங்கினால் இந்தத் தவறு பெரிதாகிறது. ஸ்ட்ரீட் வியூ காட்டுவது ஒரு தெருவின் ஒரு நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கேமரா பொருத்திய வண்டி அந்த நாட்களில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனால், கரைநெடுகக் கட்டிக்கிடக்கும் படகுகளைப் பார்த்து, உலகத்தின் இன்னொரு மூலையில் இருப்பவர் இங்கே தொழில் படுத்துவிட்டது என்று நினைப்பார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கமுள்ள ஊர்கள் இவை. அன்று போனாலும் அதே படம்தான். உப்பளத்தின் கதை வேறு. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுகிறவர்கள் அங்குள்ள தொழிலாளிகள். பகல் வெளிச்சத்தில், தார்ச்சாலையில் மட்டும் போகும் வண்டிக்கு உப்புக் குவியல் தெரியும், அதை வாரிய பெண் தெரியமாட்டார்.

கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டைக் கடற்கரை மக்கள் ‘பார்’ என்பார்கள். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இந்தப் பார்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு எதிரே உள்ளவற்றில் பேர்போனது தொள்ளாயிரம் பார். கரையில் இருக்கும் கோயில் கோபுரம், மாதா கோயில் முகடு, பனைக்கூட்டம் இவற்றில் இரண்டிரண்டை ஒரு கோட்டில் சேர்த்துப் பார்த்து, இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நங்கூரம் போட்டவர்கள் அவர்கள். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. முத்துக்குளிப்பை அறிவிக்குமுன் பார்களைச் சோதித்து, சிப்பி எடுத்துப் பார்த்து, வரைபடம் போட்டுப் பதிவு செய்தார்கள். சென்னை மாகாணத்தின் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அலுவலர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிக்கைகளே எழுதினார்கள். இத்தனை அறிவும் சேர்ந்த கடலைத்தான் நம் திரை ஒரே நீலமாகத் தீட்டுகிறது. கூகுள் எர்த்தில் 2009 முதல் கடலடி மேடுபள்ளம் தெரிகிறதே என்பீர்கள். அதில் பெரும்பகுதி கணிப்பு. செயற்கைக்கோள் அளந்த கடல்மட்ட வேறுபாட்டையும் கப்பல்கள் அங்கங்கே எடுத்த ஆழத்தையும் வைத்து இடைவெளிகளை இட்டு நிரப்பியது. உலகக் கடலடியில் கருவிகொண்டு நேரடியாக அளந்திருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஒரு பார் அந்தக் கணிப்பின் சல்லடையில் தங்காது.

பெயர் இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். வரைபடத்தில் இல்லாத இடத்தை யாருக்கும் எழுதிக்கொடுத்துவிடலாம், அதுதான் நடக்கும். 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி தமிழ்நாடு தயாரித்த கரையோர மேலாண்மைத் திட்ட வரைவுகள் மீது 2023இல் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. மீனவ ஊர்களும் படகு நிறுத்தும் இடங்களும் வலை காயப்போடும் மணலும் வரைவில் விடுபட்டிருக்கின்றன என்பதே மீனவர்கள் எழுப்பிய முதல் புகார். மேலிருந்து எடுத்த படத்தில் வலை காயும் இடம் காலி மணல். காலி மணல், காகிதத்தில் புறம்போக்கு. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் ஒரே விழாவில் இரண்டுக்கு அடிக்கல் நாட்டினார்கள்: துறைமுகத்தின் வெளித் துறைமுகத் திட்டம், குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளம். இரண்டும் வேண்டும் என்பவர்கள் உண்டு, வேண்டாம் என்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும், அங்கே முன்பு என்ன இருந்தது என்பதற்குப் பெயரோடு கூடிய பதிவு ஒன்று பொதுவில் இருக்க வேண்டாமா? பசுமைத் தீர்ப்பாய வழக்குகளில் செயற்கைக்கோள் படங்கள் ஆதாரமாக வைக்கப்படுவது வாடிக்கையாகிவிட்டது. நிலத்துக்கு அந்த ஆதாரம் இருக்கிறது. பாருக்கு இல்லை.

பாதுகாப்பைச் சொல்லி மறுப்பவர்கள் உண்டு. அது விளையாட்டான மறுப்பு அல்ல. 2005இல், கூகுள் எர்த் வந்து சில மாதங்களிலேயே, குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் இந்தப் படங்கள் தீவிரவாதிகளுக்கு உதவக்கூடும் என்று எச்சரித்தார். இதே வளைகுடாவின் வடக்கு முனையில் பிறந்தவர் அவர். 2011இல் ஸ்ட்ரீட் வியூ வண்டிகளை பெங்களூரு காவல்துறை நிறுத்தியது. 2016இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. பிறகு 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல்கள் வரைபடத் துறையைத் திறந்துவிட்டன. 2022 ஜூலையில், சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில், இந்திய நிறுவனங்கள் எடுத்த படங்களோடு ஸ்ட்ரீட் வியூ திரும்பி வந்தது. அந்த வழிகாட்டுதல்களில் ஒன்று என் கவனத்தை நிறுத்தியது. தெருவைப் படம்பிடிப்பதும் இந்தியக் கரைக்கடலை அளப்பதும் இந்திய அமைப்புகளுக்கு மட்டுமே என்று ஒரே மூச்சில் சொல்கிறது அது. அரசு கடலையும் தெருவையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. தெருவை அளக்க நிறுவனங்கள் ஓடிவந்தன. லாபம் அங்கே இருக்கிறது. கரைக்கடலின் பார்களுக்கு யார் வந்தார்கள்? துறைமுகத்தின் காவல் அரண்களை மறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடலடிப் பாறைக்கு ஊர் வைத்த பெயரை மறைப்பதால் எந்த எதிரியும் ஏமாறப்போவதில்லை. ஏமாறுவது நம் பிள்ளைகள்தான்.

இன்னொரு மறுப்பு மீனவர்களிடமிருந்தே வரும். அதற்குத்தான் நான் அதிகம் மதிப்புத் தருவேன். மீன் தங்கும் பார் எங்கே என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லும் சமாச்சாரம். அதைத் திரையில் ஏற்றினால் அடுத்த நாளே வெளியூர் விசைப்படகு வந்து வலையை இழுத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஏற்கெனவே ஜிபிஎஸ் கருவியில் இடத்தைக் குறித்துவைத்தவர்கள், கருவியை அடுத்தவர் கையில் கொடுக்க யோசிப்பதும் இதனால்தான். ஆகவே பெயர் வேறு, இடக்குறி வேறு என்று பிரிக்க வேண்டும். அரசு ஆவணங்களில் நூறாண்டுக்கு மேலாகக் கிடக்கும் முத்துப் பார்களின் பெயரும் தோராயமான இருப்பிடமும் இனி ரகசியம் அல்ல; அவற்றை வெளியிடலாம். இன்றைக்கு மீன்படும் பார்களைப் பற்றி எதை, எவ்வளவு துல்லியமாகச் சொல்வது என்பதை அந்தந்த ஊர்க் கமிட்டிகள் முடிவு செய்யட்டும். வெளியே இருந்து வரும் ஆய்வாளருக்கோ நிறுவனத்துக்கோ அந்த உரிமை கிடையாது. இதனால் வரைபடம் முழுமையாகாது என்றால் ஆகாமலே இருக்கட்டும்.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல. மீன்வளத் துறையிடமும் ஆவணக் காப்பகத்திலும் இருக்கும் பழைய முத்துப் பார் வரைபடங்களை ஒளிவருடி எடுத்து, தமிழ்ப் பெயர்களோடு பொதுவில் வைக்க வேண்டும். 2009 முதல் இஸ்ரோ நடத்தும் புவன் தளத்திலேயே அவற்றை ஏற்றலாம். வேம்பார் முதல் பெரியதாழை வரை கரையோரப் பள்ளிகளில் ஊர்ப் பெரியவர்களை அழைத்து, பாரின் பெயர், காற்றின் பெயர், கரை அடையாளம் எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே பதிவு செய்யலாம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் முத்துப் பாருக்கே போய் மூழ்கியவர்களைத் தேடுவதுதான் கடினம். இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கடலுக்குள் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்.