விளம்பரத் தட்டியில் இல்லாத தேதி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் தமிழகத்தின் நெடுஞ்சாலை ஓரங்களில் பொறியியல் கல்லூரிகளின் தட்டிகள் முளைத்துவிடும். ‘ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி’, ‘நாக் ஏ பிளஸ் பிளஸ்’, ‘என்.பி.ஏ. அங்கீகாரம்’, ‘ஐ.எஸ்.ஓ. சான்று’ என்று முத்திரைகள் வரிசைகட்டி நிற்கும். பேருந்தில் இருந்தபடி பார்க்கும் பெற்றோருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது வேறு.

தனியார் பொறியியல் கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) தரும் அனுமதி என்பது ஓட்டல் தொடங்க வாங்கும் லைசென்ஸ் மாதிரி. சாப்பாடு எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. ஐ.எஸ்.ஓ. சான்று நிர்வாக நடைமுறையைப் பற்றியது. பட்டம் செல்லுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நாக், கல்லூரியை மொத்தமாகப் பார்த்து நான்குக்கு இத்தனை என்று புள்ளி போட்டு கிரேடு தந்துவந்தது. 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் ஏ பிளஸ் பிளஸ்.

மாணவருக்கு உண்மையில் பயன்படுவது தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம்தான். கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக அது அங்கீகாரம் தருகிறது. அதுவும் மூன்று ஆண்டு, ஆறு ஆண்டு என்று கெடு வைத்து. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்காது. தட்டியில் மட்டும் கல்லூரிக்கே கிடைத்ததுபோல் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதிவரை என்பது அதில் இருக்காது.

இன்று எல்லோரும் முண்டியடிக்கும் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் குறைந்தது இரண்டு அணி மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகுதான் என்.பி.ஏ. அதைப் பரிசீலிக்கும். 2022இல் தொடங்கிய பிரிவில் இரண்டாவது அணி வெளியேறுவது 2027இல். அதற்குள் அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருப்பதாக யாராவது சொன்னால், அட்மிஷன் மேசையிலேயே சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. புதிய பிரிவு என்பதாலேயே மோசம் என்று அர்த்தமில்லை. வெளியார் யாரும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

வெளிநாடு போக நினைப்பவர்கள் இன்னும் ஒரு படி உள்ளே பார்க்க வேண்டும். 2014 ஜூனில் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் அங்கீகாரத்தை மற்றொன்று மதிக்க இது வழிசெய்கிறது. ஆனால் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் வரும் முதல் அடுக்கில் என்.பி.ஏ. பெற்ற பிரிவுகளுக்கே இது பொருந்தும். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்தும் சாதாரண இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வருகின்றன. இந்த வேறுபாட்டை எத்தனை கல்லூரிகள் தாங்களாக முன்வந்து சொல்கின்றன?

விசாரிக்காமல் சேர்ந்தால் இழப்பது எவ்வளவு என்பதை 2017 நவம்பர் 3 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டியது. தமிழகத்தில் உள்ள ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் இல்லாமல் தொலைதூர வழியில் பொறியியல் பட்டங்களைக் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித் தேர்வில் தேறினால்தான் மீண்டும் செல்லும் என்றது நீதிமன்றம். பின்னால் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கிய பதவி உயர்வும் பறிபோனது. அவர்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள்.

சிறு நகரங்களில் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் நடக்கும் ‘ஓராண்டு நர்சிங்’ வகுப்புகளும் இதே ரகம்தான். செவிலியர் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. அந்த ஓராண்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் செவிலியராகப் பதிய முடியாது. பதிவு இல்லாதவருக்கு அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலையும் கிடைக்காது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போனது போனதுதான்.

மதிப்பிடும் அமைப்புகளும் கறைபடாதவை அல்ல. நல்ல கிரேடு தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரை 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரம் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. இதற்காக அங்கீகாரமே வேண்டாம் என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியர் பட்டியல் உட்பட எல்லாவற்றையும் பொதுவெளியில் வைக்கவேண்டும் என்ற கோரிக்கைக்கு இதுவே வலுவான காரணம்.

எந்த முத்திரையைப் போட்டாலும் பிரிவின் பெயரையும் அது முடியும் தேதியையும் அதே அளவு எழுத்தில் போடவேண்டும் என்று உயர்கல்வித் துறை உத்தரவிடலாம். தமிழக அரசின் ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகளில் என்.பி.ஏ. இணையதளத்தைத் திறந்து, மாணவர்கள் தாங்கள் மனதில் வைத்திருக்கும் கல்லூரிகளை அங்கேயே தேடிப் பார்க்கச் சொல்லலாம். இதற்குப் புதுச் சட்டமோ பெரிய நிதியோ வேண்டியதில்லை. அடுத்த கலந்தாய்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.