என் லாகின், யாரோட கை?

நைட் ட்யூட்டி. மணி இரண்டரை. சிறுநீரக நோயாளி ஒருத்தர், ஈ.சி.ஜி. சரியில்லை. லேப் ரிசல்ட்டைத் திறக்கறேன். மவுஸ் அம்புக்குறி தானா நகருது. விண்டோ மூடிக்குது.

பேய் இல்லைங்க. சாஃப்ட்வேர் சப்போர்ட் தம்பி எங்கிருந்தோ உள்ளே வந்து அப்டேட் போடறார். சிஸ்டர் லேபுக்கு ஓடிப்போய்க் கேட்டுட்டு வந்தாங்க. பொட்டாசியம் 6.8. கால்சியம் குளுக்கோனேட் ஏத்தினோம், ஆள் பிழைச்சார். அப்புறம் தம்பிக்கு போன் போட்டா, "டெய்லி நைட் பண்றதுதானே சார்" என்கிறார்.

இதுல என்ன தப்புன்னு கேட்பீங்க. சொல்றேன்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் சாதாரண கம்ப்யூட்டருக்குள் ஒருத்தர் வெளியிலிருந்து நுழைஞ்சா, இங்கே ஸ்க்ரீன் லாக் ஆகிடும். நமக்குத் தெரிஞ்சுடும். வி.என்.சி., எனிடெஸ்க் வகையறா அப்படி இல்லை. ஓடிக்கிட்டிருக்கிற அதே ஸ்க்ரீனுக்குள்ள வந்து உட்காருது. நான் பார்க்கிற கேஸ் ஷீட்டை அவரும் பார்க்கலாம். லாகின் என்னுது, கை அவரோடது. அவர் எதை மாத்தினாலும் நான் மாத்தினதாத்தான் பதிவாகும். நாளைக்கு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் கேஸில் சம்மன் வந்தா கூண்டில் ஏறப்போறது யாரு?

இந்த எனிடெஸ்க்கைப் போடச் சொல்லி மோசடி நடக்குதுன்னு ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரிச்சது. வீட்ல அம்மாவுக்கு, "யாரு கேட்டாலும் நம்பரைச் சொல்லிடாதே"ன்னு பாடம் எடுக்கறோம். வார்டில் அனுமதியே கேட்காம உள்ளே வர்ற நிரந்தர பாஸ்வேர்டை வச்சு, அதை ஸ்டிக்கர்ல எழுதி மானிட்டர்லயே ஒட்டியிருக்கோம்! (பழைய வி.என்.சி.ன்னா இன்னும் அழகு. எவ்வளவு நீள பாஸ்வேர்டு வச்சாலும் முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும்.)

"அப்போ ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஆள் நேர்ல வரணுமா டாக்டர்?" வேண்டாம். நான் ரிமோட்டுக்கு எதிரி இல்லை. நடுராத்திரியில சீனியர் வீட்ல இருந்தே சி.டி. பார்த்துச் சொல்லி எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க. நான் கேட்கறது செட்டிங்ஸ்ல பத்து நிமிஷ வேலை. நிரந்தர பாஸ்வேர்டை எடுங்க. இங்கே உட்கார்ந்திருக்கறவர் 'அனுமதி' அழுத்தினாத்தான் உள்ளே வரணும். வர்றவருக்குத் தனி லாகின் கொடுங்க. எப்போ வந்தார், எப்போ போனார்னு பதிவு இருக்கட்டும்.

"டாக்டருக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்"னு கமென்ட் போட வர்றவங்களுக்கு: அதிகம் தெரியாது சார். ஆனா கன்சென்ட் தெரியும். குடல்வால் எடுக்கக்கூட கையெழுத்து வாங்கிட்டுத்தான் கத்தியைத் தொடறோம். அந்த நோயாளியோட மொத்த கதையும் இருக்கிற ஸ்க்ரீனைத் தொட ஒரு க்ளிக் கேட்கக் கூடாதா?

ஆர்.எம்.ஓ. கிட்ட எழுதிக் கொடுத்து மூணு வாரம் ஆச்சு. இன்னைக்கும் நைட் ட்யூட்டி, அதே கம்ப்யூட்டர். ஸ்டிக்கர் அங்கேயேதான் இருக்கு.