எதுவும் கேட்காத பிராணி

வீட்டில் தேள் வளர்ப்பவர்கள் தங்கள் விருப்பத்துக்குச் சொல்லும் நியாயங்களில் முதன்மையானது, தேள் எதையும் கேட்பதில்லை என்பது. அது குரைக்காது, நாற்றமடிக்காது, உலாவ அழைத்துச் செல்லவேண்டியதில்லை. வாரத்துக்கு ஓரிரு சுவர்க்கோழிகளோ கரப்பான்களோ போதும். ஊருக்குப் போவதென்றால் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடலாம். அடுக்ககத்தில் தனித்து வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி உண்டா என்று கேட்கிறார்கள். இந்த வாதத்தை மறுக்கவே இக்கட்டுரை. தேளின் மீது எனக்கு அருவருப்பில்லை. நானும் ஒரு தேளை வளர்த்துக் கொன்றவன்.

வளர்ப்புச் சந்தையில் உலகெங்கும் அதிகம் அறியப்பட்டது மேற்கு ஆப்பிரிக்காவின் பேரரசத் தேள். கானா, டோகோ, பெனின், நைஜீரியா ஆகிய நாடுகளின் வெப்பக் காடுகளிலும் புல்வெளிகளிலும் வளைகளில் வாழ்வது. நம் நட்டுவாக்காலியின் தூரத்து உறவு. நல்ல கருநிறம், ஏறத்தாழ ஒரு சாண் நீளம். பார்க்க அச்சமூட்டினாலும் கொட்டினால் பெரும்பாலானோருக்குத் தேனீ கொட்டிய அளவு வலிதான். பயங்கரத் தோற்றமும் சாதுவான குணமும் ஒன்றாய் அமைந்ததே அதன் தீவினை. ஆபத்தில்லாமல் வீரனாகத் தோன்ற விரும்புகிறவர்களுக்கு அதைவிட ஏற்ற பொருள் கிடைக்காது.

அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். அயல்நாட்டில் பணியிலிருந்தபோது ஒன்றை வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, அடியில் தேங்காய் நார்த்தூள், ஒரு மரப்பட்டை, ஒரு நீர்க்கிண்ணம். நண்பர்கள் வரும்போது விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவேன். தேள் நீலப்பச்சையாக ஒளிரும். எல்லோரும் வியப்பார்கள். அந்த வியப்பில் பாதி எனக்குரியது என்று எண்ணிக்கொண்டேன். குளிர்காலத்தில் அறையின் வெப்பமூட்டி காற்றை உலர்த்திக்கொண்டே இருந்தது. நார்த்தூளை ஈரமாக வைத்திருக்க மறந்தேன். தேள் பட்டைக்கடியில் அசையாமல் கிடந்தது. அசையாதிருப்பதுதானே அதன் இயல்பு என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் பட்டையைத் தூக்கிப் பார்த்தபோது, பழைய ஓட்டிலிருந்து பாதி வெளிவந்த நிலையில் அது இறந்திருந்தது. இறந்து எத்தனை நாளாயிற்று என்பது எனக்குத் தெரியாது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. தேளுக்குத் தேவைகள் உண்டு; முறையிடும் குரல்தான் இல்லை. பேரரசத் தேளுக்கு ஈரம் மிகுந்த காற்று வேண்டும், 25 முதல் 30 பாகை வரையிலான வெப்பம் வேண்டும், உடல் முழுவதும் புதைய வளை தோண்டும் ஆழத்துக்கு மண் வேண்டும். ஈரம் குறைந்தால் சட்டை உரிப்பது பாதியில் நின்று உயிர் போகும். பசித்த நாய் நம்மை உறங்கவிடாது. தேளோ மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். பஞ்சத்தைக் கடக்க இயற்கை அளித்த அந்த ஆற்றலை நாம் நம் சோம்பலுக்குக் கிடைத்த சலுகையாக்கிக்கொள்கிறோம். எதுவும் கேட்காத உயிரைக் காப்பவனுக்குப் பொறுப்பு கூடத்தான் வேண்டும். அவன் கேட்கப்படாமலே அறிந்தாக வேண்டியவன்.

அதைக் கையில் ஏந்திப் படமெடுக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தேளின் கண்கள் மங்கலானவை. அது உலகை அறிவது பெரிதும் அதிர்வுகளாலும் தொடுகையாலும்தான். மணலில் ஓர் இரை எழுப்பும் சிற்றதிர்வைக் கால்களால் உணர்ந்து அது இருக்கும் திசையை மணல் தேள் கண்டுகொள்வதை 1977-இல் பிலிப் பிரவுனெல் நிறுவினார். அத்தகைய உயிருக்கு நம் உள்ளங்கை என்பது ஓயாமல் நடுங்கும் நிலம். அது அங்கே அடங்கி நிற்பதைப் பாசம் என்று வாசிப்பது நம் கற்பனை. கை தவறி விழுந்தால் ஓடு பிளந்து அது இறந்தும் போகலாம்.

இனி வணிகம். பேரரசத் தேளின் கருக்காலம் 7 முதல் 9 மாதங்கள். குஞ்சுகளைத் தாய் முதுகில் சுமக்கும். அவை முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதைவிடக் காட்டு வளையிலிருந்து தோண்டியெடுப்பது வணிகருக்கு எளிது. அதனால்தான் 1995-இல் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அனுமதிச் சீட்டின்றி நாடு கடத்தலாகாது என்பது விதி. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தமும் இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சைத்தான் வாங்கினேன் என்று சொல்பவருக்கு என் மறுப்பு குறைவு. ஆனால் அதற்குச் சான்று கேட்டு வாங்கியவர் எத்தனை பேர்? நான் கேட்கவில்லை.

தேள் வளர்ப்பு மூடநம்பிக்கையைப் போக்குகிறது என்றொரு வாதமும் உண்டு. நம் கிராமத்துப் பெண் தேளைக் கண்டதும் விளக்குமாற்றைத் தேடுவது மூடநம்பிக்கையன்று. பேரரசத் தேளைவிட மிகச் சிறியதான நம் செந்தேள் குழந்தைகளைக் கொல்லக்கூடியது. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மருந்தை 1980-களில் தேள்கடிக்குப் பயன்படுத்தி அச்சாவுகளைப் பெருமளவு குறைத்தார். தேளைப் பற்றிய மெய்யறிவு என்பது இது. சாதுவான ஓர் இனத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாத் தேளுக்கும் நற்சான்று வழங்குவது இன்னொரு மூடநம்பிக்கை.

ஃபாபர் வளர்க்கவில்லையா என்று இலக்கிய நண்பர்கள் கேட்பார்கள். வளர்த்தார். பிரான்சின் செரினியானில், தம் தோட்டத்திலேயே தேள்களைக் குடியேற்றி, இரவுகளில் விளக்கோடு அமர்ந்து அவற்றின் காதல் நடையைக் கண்டு எழுதினார். நெருப்பு வளையத்துக்குள் தேள் தற்கொலை செய்துகொள்ளும் என்ற பழங்கதையைச் சோதித்துப் பொய்யென்று காட்டினார். அச்சோதனை தேளுக்குக் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் தேளைப் பார்த்தார். நாங்கள் தேளோடு இருக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டோம்.

ஆகவே தேள்மீது ஆர்வமுள்ளவர்க்கு என் யோசனை எளியது. ஒரு புற ஊதாக் கைவிளக்கு வாங்குங்கள். நிலவில்லாத இரவில், கனத்த காலணி அணிந்து, ஊர்ப்புறக் கற்குவியல்களின் அருகே நடந்து பாருங்கள். தொடாதீர்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு விளக்கை அணைத்து வந்துவிடுங்கள். 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நம் தயவின்றி வாழ்ந்துவந்த இனம் அது.

தேள் கொட்டிய திருடன் வாய்திறக்க முடியாது என்பார்கள். என் வீட்டில் வாய்திறக்க முடியாமல் இறந்தது தேள். திருடன் இப்போது பேசுகிறேன்.