வெடி வைத்தவன் யார்?

பெருவெடிப்பு என்ற சொல்லே நம் கடவுள் விவாதங்களைப் பாதி கெடுத்துவிட்டது. "ஏந்தம்பி, வெடிச்சுதுன்னா வெடி வெச்சவன் ஒருத்தன் இருக்கோணுமல்ல?" என்று எங்கள் சேந்தமங்கலத்தில் ஒரு பெரியவர் கேட்டால் சிரித்து ஒதுக்குகிறோம். அவர் கேட்டதில் தப்பில்லை, பெயரில்தான் தப்பு. 1949-ல் பிபிசி வானொலியில் அந்தப் பெயரைச் சொன்ன ஃபிரெட் ஹாய்ல், அந்தக் கோட்பாட்டையே ஏற்காதவர்.

கோட்பாடு சொல்வது இவ்வளவுதான்: சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் மிக அடர்த்தியாக, மிகச் சூடாக இருந்தது, அன்றிலிருந்து விரிந்து குளிர்ந்து வருகிறது. சாட்சியும் உண்டு. எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சை 1965-ல் பென்சியாஸும் வில்சனும் அறிவித்தார்கள். இன்னும் பின்னே போனால் நம் சமன்பாடுகள் கைவிரிக்கின்றன. ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாம் வந்தது என்று அது சொல்லவே இல்லை.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆகவே முதல் திட்டு என் தரப்புக்கு. "பெருவெடிப்பை நிரூபிச்சாச்சு, கடவுள் காலி" என்று மீம் போடும் தோழர்களே, பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சியாக்கிப் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. சமயக் கேள்விகளுக்கு அது வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. பாதிரியாருக்கு இருந்த அந்த நாணயம் நமக்கு வேண்டாமா?

அடுத்து, செர்ன் ஆய்வகத்து நடராஜர் சிலைப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி "விஞ்ஞானிகளே ஒத்துக்கிட்டாங்க" என்பவர்கள். அந்தச் சிலை 2004-ல் இந்திய அரசு கொடுத்த பரிசு. பரிசு எப்படிச் சான்றிதழ் ஆகும்? ஜெனீவாவில் முத்திரை குத்தி வாங்கினால்தான் தில்லைக்கூத்தன் செல்லுபடியாவானா? நாளைக்குக் கோட்பாடு திருத்தப்பட்டால் உங்கள் பக்தியையும் திருத்துவீர்களா?

இரு தரப்பும் மறந்தது நம் சொந்த வாத மரபை. சைவ சித்தாந்தத்தின் இறைவன் சூனியத்திலிருந்து படைப்பவன் அல்ல. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதை இயக்க ஒருவன் வேண்டும் என்பது மெய்கண்டாரின் வாதம். குடத்துக்கு மண்போல உலகுக்கு மூலமான மாயையோ அநாதி. இறைவனும் அநாதி. ஆகவே "கடவுளை யார் படைச்சது?" என்ற நம் பிரியமான கேள்வி இங்கே எடுபடாது. அநாதியான அந்த மூலப்பொருள் தானே இயங்கக் கூடாதா என்று கேளுங்கள். நிரீச்சுர சாங்கியர் பிடித்த இடம் அது. அருணந்தி சிவாச்சாரியார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், உலகாயதர் தொடங்கி எதிராளிகளின் வாதத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். எதிராளியை அவ்வளவு மதித்த விவாதம் இன்று எங்கே நடக்கிறது?

இதில் நஷ்டம் கடவுளுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. எங்கள் ஊரிலிருந்து தெரிகிற கொல்லிமலையின் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழையது. "அது எப்படித் தெரியும்?" என்று ஒரு பள்ளிப் பிள்ளை கேட்டால், யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கைச் சொல்லித்தர பட்டம் வாங்கிய நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்தக் கேள்விதான் அறிவியல். அதை விட்டுவிட்டு விடையை மட்டும் தடியாகச் சுழற்றினால், அறிவியலும் இன்னொரு கட்சியின் வேதம் என்றுதான் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.