லட்டுப் பெட்டியும் வளர்ப்பு வீடும்

தீபாவளி நெருங்கினால் மும்பையில் உள்ள நம்மவர் அமைப்புகளுக்கெல்லாம் குழந்தைகள் இல்லங்களின் ஞாபகம் வந்துவிடும். லட்டுப் பெட்டி, புதுச் சட்டை, தலைவர் கையால் வழங்குவதுபோல் ஒரு படம். தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் பிரியாணி. படம் அடுத்த மாத இதழில் வரும். பிள்ளைகள் அதே வரிசையில் அடுத்த பண்டிகைவரை நிற்பார்கள். கொடுக்கிற கையை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதது லட்டுதானா?

ஒரு பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? பள்ளிக்கூடத்தில் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 6 வயது முதல் 14 வரை பள்ளி உரிமை இல்லத்துப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் இருபது ரூபாயைக் கையில் கொடுத்து, "கொத்தமல்லி வாங்கி வா, மீதியைக் கேட்டு வாங்கு" என்று அனுப்ப அங்கே யார் இருக்கிறார்கள்? போகிற வழியில் கோலி ஆட்டத்தைப் பார்த்து நின்று, காசைத் தொலைத்து, வீட்டுக்கு வந்து ஒரு பொய்யைச் சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய் பாதியில் நின்றுபோகிறதே, அந்தப் பாடம் எந்த வகுப்பில் உண்டு? மாவு ஏன் பொங்குகிறது, குழாயில் தண்ணீர் ஏன் இத்தனை மணிக்குத்தான் வருகிறது, அப்பா ஏன் இந்த மாதச் சம்பளத்தை இரண்டு தடவை எண்ணுகிறார்? பெரியவர்கள் பேசுவதை மூலையில் உட்கார்ந்து கேட்டே பாட்டாளி வீட்டுப் பிள்ளை உலகத்தைத் தெரிந்துகொள்கிறது.

விளையாட்டும் அப்படித்தான். இல்லத்தில் விளையாட்டு மணியடித்துத் தொடங்கும், மணியடித்து முடியும். தாராவிச் சந்தில் ஆடுகிற லகோரிக்கு (நம் ஊர் ஏழுகல் ஆட்டம்தான் அது) மணி கிடையாது. யார் எந்தப் பக்கம், கல் தானாகச் சரிந்ததா, சின்னவனுக்கு எத்தனை சலுகை, எல்லாவற்றுக்கும் சண்டையும் தீர்ப்பும் பிள்ளைகளுடையதே. தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைக்கு இதைவிட நல்ல பயிற்சி நமக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ஆயாக்களையும் காப்பாளர்களையும் நாம் குற்றம் சாட்டவில்லை. அவர்களும் கூலி உழைப்பாளிகளே. பல பிள்ளைகளுக்கு ஒருவர், எட்டு மணிநேர முறை, முறை முடிந்தால் வேறொருவர். இரவில் காய்ச்சல் வந்த பிள்ளை விழிக்கும்போது பக்கத்தில் இருப்பது யார் என்பது பணி அட்டவணையைப் பொறுத்தது. சென்னையில் 1920-லும் பம்பாயில் 1924-லும் குழந்தைகள் சட்டம் வந்தது. அன்றுமுதல் ஆதரவற்ற பிள்ளை என்றதும் சர்க்காருக்கு முதலில் தோன்றுவது கட்டடம்தான்.

கட்டடம் என்ன செய்யும் என்பதை உலகம் ருமேனியாவில் பார்த்தது. 1966-ல் கருக்கலைப்பைத் தடைசெய்தது அந்நாட்டு அரசு. வளர்க்க வழியற்றவர்களின் பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள். 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபின் அந்த இல்லங்களின் கதவுகள் திறந்தன. பின்னர், 2000-ல் தொடங்கி, புகாரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்து 136 கைக்குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோல் பிரித்து, பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு ஒட்டுவதிலும் மற்றவர்களை முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகமாகத் தேறினார்கள். சோறு இரண்டு இடத்திலும் இருந்தது என்பதைக் கவனிக்கவும்.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆம் பிரிவு. பெற்றவர் சிறையில், அல்லது தீராத நோயில், அல்லது 2020-21 கொரோனாவில் போய்விட்டார். உறவினருக்கும் வளர்க்க வழியில்லை. இப்படிப்பட்ட பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழு ஒரு குடும்பத்தில் வளர்ப்புக்கு விடலாம். இது தத்து அல்ல. தக்க தடை இல்லாவிட்டால் பெற்றவர் வந்து பார்க்கலாம். நிலைமை திருந்தினால் பிள்ளை திரும்பிப் போகலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 2024-ல் திருத்திய நெறிமுறைப்படி விதவைகளும் மணமாகாதவர்களும்கூட விண்ணப்பிக்கலாம்.

தமிழர் அமைப்பு இதில் தலையிட இன்னொரு காரணம் உண்டு. இந்தியா 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 20-ஆம் உறுப்பில், குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்கு ஏற்பாடு செய்யும்போது அதன் மொழியையும் பண்பாட்டையும் கருத வேண்டும் என்கிறது. ஆனால் தாராவித் தமிழ்ப் பிள்ளை இல்லத்துக்குப் போனால் இந்தியும் மராத்தியும்தான் காதில் விழும். மராத்தி கற்பது நல்லதே, இந்த மண்ணில் வாழ அது வேண்டும். ஆனால் மூன்று வருஷம் கழித்து ஊரிலிருந்து வரும் பாட்டி, "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்க, பிள்ளை காப்பாளரின் முகத்தைப் பார்த்தால்? மொழிக்காக மேடையேறுகிறவர்களுக்கு இந்தப் பிள்ளை கணக்கில் வராதா?

எதிர்ப்புகள் நமக்குத் தெரியும். "இடமேது?" பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வாழ்கிறவரை நாம் கேட்கவில்லை, போதிய இடம் வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸிலும் முலுண்ட், செம்பூர் பக்கத்திலும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டு வெறிச்சிட்ட வீடுகள் எத்தனை! "பழகியபின் கூட்டிப்போய்விட்டால்?" வலிக்கத்தான் செய்யும். மகளைக் கட்டிக்கொடுத்தவர்கள் தாங்கவில்லையா?

மூன்றாவது கேள்வி மெல்லிய குரலில் வரும்: "பிள்ளை என்ன சாதி?" இதைக் கேட்கிற வீட்டுக்குப் பிள்ளை வேண்டாம். சம்பளமில்லாமல் பாத்திரம் தேய்க்க ஆள் தேடுகிற வீட்டுக்கும் வேண்டாம். கூடத்தில் சொந்தப் பிள்ளை படிக்க, அடுப்படியில் வந்த பிள்ளை நிற்கிற வீட்டை நாம் பார்த்திருக்கிறோம். வளர்ப்பு வீட்டை மாதந்தோறும் சோதிக்கச் சட்டம் சொல்கிறது. அதிகாரி வருகிறாரோ இல்லையோ, அந்தத் தெருவில் உள்ள சங்கத் தோழர் போய்ப் பார்க்க வேண்டும்: பிள்ளை எங்கே படுக்கிறது, யாரோடு ஆடுகிறது, எதிர்த்துப் பேசுகிறதா என்று. பேசினால் நல்ல வீடு.

வரும் செயற்குழுவில் தீர்மானம் வைக்கிறோம்: இவ்வருஷம் லட்டுச் செலவில் பாதியை நிறுத்தி, வளர்க்க முன்வரும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று தயாரிப்பது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதை நேரில் கொடுப்பது. விருப்பமுள்ளோர் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று நகல்களோடு ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வரலாம். மனுவை மராத்தியில் எழுதித் தர ஆள் இருக்கிறது. கணவர் மட்டும் வந்தால் போதாது, மனைவியும் வரவேண்டும்; வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கேட்டுவிட்டு வாருங்கள்.