மணி அடிக்கலாமா சேர்?



இந்த சீசனிலும் பிள்ளைகளை பாவா ஆதம் மலைக்குக் கூட்டிப் போகலாம் என்று இறம்பொடையில் நாங்கள் பேச்செடுத்ததுமே சில உம்மா வாப்பாமார் தயங்கினார்கள். "மற்றவர்கள் கும்பிடும் இடம். ஈமானுக்குப் பங்கம் வராதா?" என்றார்கள். நியாயமான கேள்விதான்.

1344இல் இப்னு பதூதா இந்த மலையில் ஏறினார். அனுப்பி வைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. கூடப் போனவர்கள் யார் தெரியுமா? 4 யோகிகள், 3 பிராமணர்கள், அரசரின் ஆட்கள் 10 பேர், சாமான் சுமக்க 15 பேர். டில்லியிலும் மாலைதீவிலும் காழியாராக இருந்த மனிதர் அவர், மார்க்கம் தெரியாமல் ஏறவில்லை. பாறையில் தொங்கிய சங்கிலிகளில் பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்வாராம். (நமக்கு அந்தச் சிரமம் இல்லை, இப்போது படிக்கட்டு.)

ஆதம் நபி (அலை) இறங்கிய இடத்தின் பெயரை குர்ஆன் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பாதம் புத்தருடையதா, சிவனுடையதா, ஆதம் நபியுடையதா என்று வாதாட நாங்கள் போகவில்லை. செருப்பைக் கழற்றுவோம், சத்தம் போட மாட்டோம். பூ வைக்க மாட்டோம். ஸஜ்தா அல்லாஹ்வுக்கு மட்டும்தான். அங்கே யாரும் நம் பிள்ளைகளைக் கும்பிடச் சொல்வதுமில்லை.

பிள்ளைகள் பார்க்க வேண்டியது வேறு. நல்லதண்ணியிலிருந்து ஏறும்போது சீத கங்குலவில் சனங்கள் கைகால் கழுவுவார்கள், அந்தக் குளிரிலும் சிலர் குளிப்பார்கள். ஜப்பானில் ஷிண்டோ ஆலயத்துக்குப் போகிறவர்களும் கை கழுவி, வாய் கொப்பளித்துத்தான் சந்நிதிக்குப் போகிறார்கள். ஐவேளையும் வுழூ செய்கிற பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. எதிரே இறங்கி வரும் சிங்களவர்கள் "கருணாவய்" என்பார்கள், நம் பிள்ளைகளும் திருப்பிச் சொல்வார்கள். வகுப்பில் இரண்டாம் மொழி படிப்பிக்கும் எங்களுக்கு அதைக் கேட்கப் பெரிய சந்தோஷம்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். போன முறை ஒரு மாணவி, "நான் அடிக்கலாமா சேர்?" என்று கேட்டாள். எங்களுக்கும் சட்டென்று பதில் வரவில்லை. "மனம் ஒப்பாவிட்டால் அடிக்க வேண்டாம். அடிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம்" என்றோம். அவள் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிங்கள ஆச்சி அடித்துக்கொண்டே போனார். இவள் விரல் மடக்கி எண்ணினாள். பதினேழு. ஆச்சி திரும்பிப் பார்த்து, அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

வெசாக் போயாவோடு சீசன் முடிந்துவிடும். சம்மதக் கடிதம் தராத பெற்றோர் அதற்கு முன் ஒருநாள் பாடசாலைக்கு வாருங்கள், பேசுவோம். சுபஹ் தொழுகையை வழியில் எங்கே தொழுதோம் என்பதையும் சொல்கிறோம்.