எஞ்சிய நான்கு கற்கள்

பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைகளை நடித்துக் காட்ட வலிய முன்வந்தவன் யான். அன்று தாவீதின் கதை. 'ஆறு முழமும் ஒரு சாணும்' உயர்ந்த கோலியாத்தின் வேடம், ஐந்தரை அடியான எனக்கே வாய்த்தது! முக்காலியில் ஏறி முழங்கினேன். தும்புத் தாடி கழன்று விழுந்தது. சிரிப்பொலி அடங்குமுன், தாவீதாக வந்த சிறுவன் கடதாசிக் கல்லை வீசினான். அது தலைமையாசிரியரின் மடியைச் சென்றடைந்தது. பையனின் கண்கள் கலங்கின, ஓடிவிட எத்தனித்தான்.

"தம்பி, பையில் இன்னும் நான்கு உண்டே!" என்றேன் மெல்ல.

மூன்றாவது கல் நெற்றியிற் பட்டது, முக்காலியோடு சாய்ந்தேன். கரகோஷம் வானைப் பிளந்தது.

தாவீது ஓடையிலே பொறுக்கியவை ஐந்து கூழாங்கற்கள், எறிந்ததோ ஒன்றே. எஞ்சிய நான்கும் எதற்கென்று பலகாலும் எண்ணியதுண்டு. குறி தவறிக் கலங்கும் பிள்ளைகளுக்காக இருக்கலாமன்றோ, நேயர்களே?